அந்தச் சோயா சாஸில் கோதுமை இருந்தது

சுங்கை பினாங்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஷேரனுக்கு,

அப்பா எழுதுகிறேன். மெல்பர்னில் நீயும் ஜெரமியும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபிக்கிறேன். இங்கே நான் சுகம். அம்மாவும் சுகம் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்து நீ விமானம் ஏறிய பிறகு அவள் நான்கு கிலோ இளைத்துவிட்டாள். உன்னிடம் போனில் "ஓகே லா, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்வதை நம்பாதே. நம் பிளாட்டில் லிஃப்ட் மறுபடியும் கெட்டுக் கிடக்கிறது, ஒன்பது மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் உட்காருகிறாள். கோயிலில் பாடற்குழுவுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் என் போனை எடுத்துப் படித்துவிடுவாள், அதனால்தான் இந்த வயதில் தபால்தலை வாங்கி எழுதுகிறேன்.

ஜெரமியின் அப்பா அம்மாவுக்காக நீ ஏற்பாடு செய்த சுஷி விருந்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அம்மாவுக்கு சீலியாக் நோய் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடமாகிறது. கோதுமையோ பார்லியோ ஒரு துளி போனாலும் அவள் குடல் புண்ணாகிவிடும் என்று உனக்கும் தெரியும். நற்கருணை அப்பம் கோதுமை என்பதால் ஃபாதரிடம் சொல்லி கிண்ணத்தில் திராட்சை இரசம் மட்டும் வாங்குகிறாள், முதல் நாள் அப்படி வாங்கிவிட்டு வந்து அழுதாள். விருந்துக்கு இரண்டு நாள் முன்பே அவள் என்னிடம், சோறும் பச்சை மீனும் பயமில்லை, ஆனால் சோயா சாஸில் கோதுமை இருக்கும், நண்டு என்று வைப்பது மீனோடு கோதுமை மாவைச் சேர்த்துச் செய்தது, சோற்றில் கலக்கும் வினிகரிலும் சில சமயம் பார்லி இருக்கும், மாவில் தோய்த்துப் பொரித்ததை வெட்டிய கத்தியால் வெட்டினாலும் ஆகாது, கடைக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்றாள். நான் "ஷேரன் பாத்துக்குவா, நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டேன். என் பங்குக் குற்றம் அது. அதை உன் தலையில் போட மாட்டேன்.

கடையில் அம்மா தன் கைப்பையிலிருந்து கோதுமையில்லாத சாஸ் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். நீ ஜெரமியின் அம்மாவைப் பார்த்தாய், பிறகு அந்தப் போத்தலை எடுத்து உன் பைக்குள் போட்டாய். "மா, நான் கடைக்காரங்ககிட்ட கேட்டுட்டேன், இங்க உள்ள சாஸ்ல கோதுமை இல்லையாம், பயப்படாம சாப்பிடு" என்றாய். அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நீ வைத்ததையெல்லாம் தொட்டுச் சாப்பிட்டாள், சம்பந்தியம்மாவிடம் ருசியாக இருக்கிறது என்றும் சொன்னாள். வீட்டுக்கு வந்த இரண்டு மணி நேரத்தில் வாந்தி ஆரம்பித்தது. நீ அன்றிரவு சம்பந்தி வீட்டாரோடு ஹோட்டலில் தங்கி, மறுநாள் காலையில் அவர்களோடு லங்காவித் தீவுக்குப் போய்விட்டாய். நான் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன், இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. பிள்ளை சந்தோஷமாகச் சுற்றட்டும், சொல்லாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் சொல்லவில்லை.

அவளைச் சாக வைக்கப் பார்த்தார்களே என்று அந்தக் கடைக்குச் சண்டை போடத்தான் போனேன். அன்று நமக்குப் பரிமாறிய அமீரா என்ற பெண்தான் நின்றாள். நான் மலாய் மொழியில் கத்தினேன், கடையில் சாப்பிட்டவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பயந்துபோய், "அங்கிள், அன்னைக்கு யாரும் எங்ககிட்ட ஒண்ணுமே கேக்கல. கேட்டிருந்தா கோதுமை இருக்குன்னு சொல்லியிருப்போம். கோதுமை இல்லாத வேற சாஸ் உள்ள இருக்கு, கத்தியும் பலகையும் கழுவி தனியா செஞ்சு குடுப்போம்" என்றாள். உள்ளே போய் அந்தப் போத்தலையும் கொண்டுவந்து காட்டினாள். நீ அவர்களிடம் கேட்கவே இல்லை, ஷேரன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் வெயிலில் நடந்தே வந்தேன்.

பாயான் லெப்பாஸ் பேக்டரியில் முப்பத்தொரு வருடம் ஷிஃப்ட் பார்த்தேன், என் சூப்பர்வைசர் முன்னால் தலை குனிந்ததில்லை. உன் வயதுகூட ஆகாத பெண் முன்னால் குனிந்தேன். எதற்காகச் செய்தாய்? அம்மா ஒரு போத்தலை மேசையில் வைத்தால் உன் மாமியார் உன்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவாளா? நம் வீட்டுப் பழக்கம் உனக்கு அவ்வளவு கூச்சமாகவா இருந்தது?

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. "பாவம், பிள்ளை கேட்டிருக்கா, கடைக்காரங்கதான் தப்பா சொல்லிட்டாங்க" என்று பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமியிடம் நேற்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். டிசம்பரில் நீ வரும்போது சம்பந்தி வீட்டாரை மறுபடி அதே கடைக்குக் கூட்டிப்போவோம், இந்தத் தடவை நானே கேட்டுச் சாப்பிடுகிறேன் என்கிறாள். கடையை மூடிவிட்டார்கள் என்று சொன்னேன். கல்யாணமான முப்பத்து நான்கு வருடத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் பொய் இதுதான், உனக்காகச் சொன்னேன். இன்னொன்று சொல்ல என்னால் ஆகாது.

ஞாயிறு பூசை முடிந்து பதினொரு மணிக்கு அவள் வீட்டில் இருப்பாள். போன் போட்டு உன் வாயால் சொல். திட்ட மாட்டாள், உனக்குத் தெரியும். அதனால்தான் உனக்குக் கஷ்டமாக இருக்கும், இருக்கட்டும். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், நெஞ்சை மூடிப் படு. ஜெரமியைக் கேட்டதாகச் சொல். மாதா உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும். கோபத்தோடு எழுதினாலும் இந்த ஆசீர்வாதத்தை மட்டும் மனதாரத்தான் எழுதுகிறேன்.

உன் அப்பா,
லாரன்ஸ்