மூன்றாம் திருப்பத்தில் இறங்கி நட

என் பிரியத்துக்குரிய அத்திம்பேருக்கு,

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இப்போது எழுதுகிறான் என்றால் நல்ல சேதி இருக்காது என்று நீங்களே ஊகித்துவிடுவீர்கள். யாரிடம் சொல்வது? களங்கம் வந்தது உங்கள் பெயருக்கு என்பதால் உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அக்கா நன்றாக இருக்கிறாள். உங்கள் சைக்கிளை யாருக்கும் கொடுக்கவில்லை. கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து எண்ணெய் விடுகிறாள். பின்சக்கரத்துக்குக் காற்றடிக்கத்தான் என்னைக் கூப்பிடுகிறாள்.

உங்கள் நீல அட்டை நோட்டும் அவளிடம்தான் இருந்தது. நஞ்சன்கூடு தாண்டியதும் பஸ்கள் புழுதி கிளப்பும் பெரிய சாலையை விட்டுவிட்டு, கால்வாய்க் கரையோடு போய், குண்டலுபேட்டைச் சத்திரத்தில் சனிக்கிழமை ராத்தங்கி, மறுநாள் கோபாலசாமி மலைக்குப் போகும் அந்த வழி முழுவதும் அதில் இருக்கிறது. எந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, எந்தக் கிராமத்து நாய் ஊர் எல்லை வரைக்கும் துரத்தும், எந்தப் புளியமரத்தடியில் மத்தியானம் மூன்று மணிவரை நிழல் இருக்கும், எல்லாம் இருக்கிறது. ஒரு வண்டி எதிரே வராமல் ஒரு காலை முழுக்கச் சைக்கிள் விடலாம் என்று நம் சைக்கிள் சங்கத்தில் வேறு யாருக்காவது தெரியுமா?

நாற்பது இடத்தில் "இறங்கி நட" என்று எழுதியிருந்தீர்கள். சங்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும், இதைக் கேட்கப் போகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேடானாலும் பள்ளமானாலும் சைக்கிளை விட்டு முதலில் இறங்கிக் காலைத் தரையில் ஊன்றியவன், திரும்பி வந்ததும் எல்லோருக்கும் காப்பி வாங்கித் தர வேண்டும். ஒவ்வொரு முறையும் வாங்கித் தந்தது நீங்கள். "எங்க அத்திம்பேர் புண்ணியத்துல இன்னிக்கும் காப்பி" என்று முதலில் சிரித்தது நான்.

உங்கள் காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, சங்கத்துக் காரியதரிசி என்னைக் கூப்பிட்டார். தசராப் பொருட்காட்சிக்குச் சங்கத்தின் பெயரில் மலைவழிப் புத்தகம் போடலாம், நோட்டைப் பிரதி எடுத்துக் கொடு என்றார். அவர் ஆபீஸிலும் எனக்கு மேலதிகாரி. உங்கள் பெயர் அச்சில் வருமே என்ற ஆசையும் எனக்கு இருந்தது. பத்து நாள் உட்கார்ந்து எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் புரட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஓய் வரதன், பக்கத்துக்குப் பக்கம் இறங்கு இறங்குன்னு இருந்தா இது சைக்கிள் புஸ்தகமா, பாதயாத்திரை புஸ்தகமா? உம்ம அத்திம்பேருக்குப் பயம்னா அதையுமா அச்சுப் போடணும்? திவான் கையில குடுக்கப்போற புஸ்தகம். அடிச்சுடும்."

அவர் அடிக்கவில்லை, அத்திம்பேர். சிவப்புப் பென்சிலை என்னிடம் நீட்டினார். அவர் மேஜைக்கு எதிரே நின்றபடியே நாற்பது இடத்தையும் நான்தான் அடித்தேன்.

புத்தகம் வந்தது. தங்க எழுத்து, வழுவழு அட்டை. உள்ளே முதல் படத்தில் காரியதரிசி ஜரிகைப் பேட்டாத் தலைப்பாகையும் கோட்டுமாகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மலையடியில் நிற்கிறார். அவர் அங்கே வந்தது மோட்டாரில். அந்தச் சைக்கிள் என்னுடையது. கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் "காலஞ்சென்ற ஓர் அங்கத்தினரின் குறிப்புகளைத் தழுவியது" என்று இருக்கிறது. உங்கள் பெயர் இல்லை.

அதற்கப்புறம் அந்த வழியை நீங்கள் பார்க்காமல் இருப்பதே நல்லது. ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், ஆளில்லாத இடத்திலும் ஓயாமல் மணியடித்துக்கொண்டு. நாம் கைகழுவக்கூட யோசிக்கும் அந்த மலை ஊற்றில் எச்சில் இலை மிதக்கிறது. பாறையில் தாரால் தங்கள் பெயரையும் உத்தியோகத்தையும் எழுதிவைத்திருக்கிறார்கள். உங்கள் புளியமரத்தின் பட்டையைச் செதுக்கி ஒருவன் தன் பட்டத்தைப் பொறித்திருக்கிறான். மலைக்கு வந்துமா ஒரு மனுஷனுக்கு அது ஞாபகம் இருக்க வேண்டும்?

கார்த்திகை மாதத்தில் கொள்ளேகாலத்துக்காரர் ஒருவர் புதிதாகச் சங்கத்தில் சேர்ந்தார். முத்துசாமி என்று பெயர், கணக்கு வாத்தியார். உச்சியிலிருந்து இறங்கும்போது மூன்றாம் திருப்பம் வருமே, ஊற்றுத் தண்ணீர் கசிந்து கோடையிலும் பாசி பிடித்திருக்குமே, அங்கே அவர் புத்தகத்தை நம்பிச் சைக்கிளை விட்டு இறங்காமலே போனார். "இங்கே பிரேக் பிடித்தால் சக்கரம் நிற்கும், சைக்கிள் நிற்காது, இறங்கி நட" என்று நீங்கள் எழுதிய இடம் அது. சைக்கிள் சறுக்கி விழுந்ததில் வலது கால் தொடைக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. இனி நேராக நடக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன ஞாயிறு சங்கம் கூடியது. புத்தகத்தில் ஏன் எச்சரிக்கை இல்லை என்று ஒருவர் கேட்டார். காரியதரிசி எழுந்து, "மூலக் குறிப்புலேயே இல்லையே. என்ன வரதன்?" என்று என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவ்வளவுதான். காலஞ்சென்றவரின் கவனக்குறைவுக்குச் சங்கம் வருந்துகிறது என்று தீர்மானம் எழுதினார்கள். அடுத்த கூட்டத்தில் அதை உறுதி செய்து, உங்கள் பெயரோடு துண்டுச்சீட்டாக அச்சடித்து, எல்லாப் புத்தகத்திலும் ஒட்டப்போகிறார்களாம். நல்லது எழுதினதுக்கு இல்லாத பெயர் இதற்கு மட்டும் வேண்டியிருக்கிறது.

தீர்மானம் முடிந்ததும் காப்பி வந்தது. நானும் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, அதை நினைத்தால்தான் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பிரமோஷன் பட்டியல் காரியதரிசி மேஜையில் இருக்கிறது. பயந்தாங்கொள்ளி என்று உங்களைச் சொன்னோமே, அந்தக் கூடத்தில் அன்று யார் பயந்தாங்கொள்ளி?

அக்காவுக்கு இரண்டு நாளில் சேதி எட்டிவிட்டது. சைக்கிளைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டா வரதா, அவர் அந்தத் திருப்பத்தை எழுத மறந்துட்டாராமே?"

"அப்படித்தான் பேசிக்கறா."

"மூணாம் திருப்பத்துல இறங்கணும்னு எனக்கே தெரியுமேடா. நான் சைக்கிளே ஏறினதில்லை. ஞாயித்துக்கெழமை ராத்திரியெல்லாம் அவர் படிப்பார், நான் தோசைக்கு அரைச்சுண்டே கேப்பேன். எனக்குத் தெரிஞ்சது நோட்டுல எப்படிடா இல்லாம போகும்?"

அவள் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்துவிட்டு, மறுபடியும் துடைக்க உட்கார்ந்துவிட்டாள். என் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

நேற்று அந்த நோட்டோடு முத்துசாமி வீட்டுக்குப் போனேன். காலைப் பலகையில் கட்டிக் கட்டிலில் கிடந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்தப் பெரியவரு எழுத மறந்துட்டாருன்னு விழுந்த அன்னைக்கே சொன்னாங்க. நானும் அவரைத் திட்டிக்கிட்டுத்தான் கெடக்கறனுங்க. செத்தவரைத் திட்டறமேன்னு சங்கடமாத்தான் இருக்குது. வலி வந்தா வாய் நிக்கறதில்லீங்க."

இரண்டு மாதமாக, அத்திம்பேர், வலிக்கிறபோதெல்லாம் ஒரு நல்ல மனுஷன் உங்களைத் திட்டியிருக்கிறார். நான் ஊரில்தான் இருந்தேன்.

பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். அடித்தது என் கை என்றும் சொன்னேன். வெகுநேரம் படித்தார். கத்துவார் என்று காத்திருந்தேன்.

"இது அச்சுல இருந்திருந்தா எறங்கியிருப்பனான்னு தெரியலீங்க. காப்பிக்கு வெக்கப்பட்டு ஏறித்தான் போயிருப்பனோ என்னவோ. ஆனா எறங்கறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணியிருப்பனுங்க. அதை நீங்க பண்ணிட்டீங்க." அதற்குப் பிறகு என்னைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த மூன்றாம் திருப்பத்துக் குறிப்புக்குக் கீழே, பொடி எழுத்தில், நான் பிரதியே எடுக்காமல் விட்ட வரி ஒன்று இருக்கிறது: "வரதனிடம் சொன்னால் இறங்க மாட்டான். நான் இறங்கினால், அக்கா புருஷன் நடக்கும்போது ஏறிப் போகக் கூடாது என்று இறங்கிவிடுவான்."

பிரதி எடுத்த அன்றே அதைப் படித்தேன். படித்துவிட்டு அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினேன். அத்தனை காப்பியும் எனக்காக வாங்கியதா, அத்திம்பேர்? ஒரு நாளாவது கோபித்துக்கொண்டு சொல்லியிருக்கக் கூடாதா?

இந்த ஞாயிறு சங்கம் கூடும்போது தீர்மானத்தை வாசிப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை நான் எழுந்து வாசிப்பேன், அந்த வரி உட்பட. பிரமோஷன் போனால் போகட்டும். விற்ற புத்தகங்களையும் வீடு வீடாகக் கேட்டுப்போய், அடித்த நாற்பது இடத்திலும் என் கையாலேயே திரும்ப எழுதுவேன். முதல் பிரதி முத்துசாமியுடையது. அக்காவும் கூட்டத்துக்கு வருகிறேன் என்கிறாள், உங்கள் சைக்கிளோடு. அதில் ஏற எனக்கு மனமில்லை. வீட்டிலிருந்து சங்கம் வரைக்கும் தள்ளிக்கொண்டு, அவளோடு நடந்துதான் போகப்போகிறேன். அன்றைக்குக் காப்பி என் செலவு.

நீங்கள் இறங்கியதால் இரண்டு காலும் முழுசாக இருக்கும்
உங்கள் மைத்துனன்
வரதன்