சட்டையில் கடுகுக் கறை

ரோமெக்,

முட்டைகோஸ் சூப் அடுப்பில் இருக்கிறது. சான்சிபார் தீவுக்குப் போகும்வரை வெளியே சாப்பிடக் கூடாது, மிச்சமாகும் ஸ்லோட்டிக் காசெல்லாம் உண்டியல் டப்பாவுக்கு என்று சொன்னவன் நீதான். நேற்றும் "பசிக்கல தெரெஸா, ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி" என்று படுத்துவிட்டாய். வேலை செய்தால் பசி போகுமா? சட்டைக் கையில் கடுகு விழுது எப்படி வந்தது? சாசேஜுக்குக் கடுகு விழுது தடவித் தரும் ஸ்டேஷன் வாசல் கடைக்காரர், "சார் இன்னைக்கு வரலையா?" என்று என்னிடம் ஏன் கேட்கிறார்?

குழாய் ரிப்பேர்காரர் வருவார். அவரோடு பீர் குடிக்கக் கிளம்பிவிடாதே.

தெரெஸா

சூப்பை நாய்க்கு ஊற்றாதே. அதுவும் குடிக்காது.

டப்பாவைத் தேடாதே, என் பையில் இருக்கிறது. வரும் வழியில் டிராவல்ஸில் நுழைந்து, சான்சிபாருக்கு ஒரே ஒரு ஆளுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டு வருகிறேன்.