வாசிப்பதற்கு முன் ஓர் அழைப்பு

மார்ச் 6, திங்கள்

நிலையத்தின் பெயர்ப்பலகையை இன்று கழற்றினார்கள். புதிய பலகை பழையதைவிடச் சிறியது. ஆகவே பழையது மறைத்திருந்த சுவரின் வெளுக்காத பகுதி, புதியதைச் சுற்றிச் சட்டம் போட்டதுபோல் தெரிகிறது. மண்டலத்துக்கு அது பிடிக்கவில்லை. "பெயின்ட் அடிச்சிடலாம் மேம்" என்றான். அடிக்கட்டும்.

மண்டலம் என்பது நான் வைத்த பெயர். நிலையத்தை வாங்கிய நிறுவனத்தின் மண்டலத் தலைவன். முதல் சந்திப்பில் பெயருக்கு முன்னால் பதவியைச் சொன்னான். நான் அத்துடன் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு "நீங்க என்ன நினைக்கிறீங்க மேம்?" என்று கேட்கும் நற்பண்பு உடையவன்.

இனி நாள் முழுவதும் தலைமையகத்திலிருந்து நிகழ்ச்சிகள் வரும். நாங்கள் வெறும் குழாய். எங்களுக்கென்று மிஞ்சியிருப்பது காலை எட்டு மணி மட்டும்: வானிலை, பேருந்து, தண்ணீர் நிறுத்தம், மரண அறிவிப்பு. ஆட்களில் மிஞ்சியது நானும் கம்பியும். கம்பி எங்கள் தொழில்நுட்பாளர். பெயர்தான் கம்பி, இத்தனை ஆண்டுகளில் ஒருநாள்கூடக் கம்பி நீட்டியதில்லை.

மார்ச் 9, வியாழன்

எட்டு மணிக்கு இரண்டு மரண அறிவிப்புகள். வழக்கம்போல் இரண்டு வீட்டுக்கும் முதலில் நானே தொலைபேசியில் பேசினேன்.

மண்டலம் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "எழுதிக் குடுத்துட்டாங்கல்ல மேம், அப்புறம் எதுக்கு போன்?"

சொன்னேன். எனக்கு முன்பிருந்த மேலாளர் காலத்தில், தொழில் போட்டியில் எவனோ ஒரு தையற்காரர் காலமானதாக எழுதிக் கொடுத்துவிட்டான். அதை அப்படியே வாசித்துவிட்டார்கள். மதியம் அந்தத் தையற்காரர் கழுத்தில் அளவு நாடாவுடன் நிலையத்துக்கு வந்து, "என் சாவ வாபஸ் வாங்குங்க, கஸ்டமர் பயப்படுறாங்க" என்று நின்றாராம். அன்றிலிருந்து விதி: வீட்டிலுள்ள ஒருவர் தம் வாயால் சொல்லாமல் எந்த மரணமும் இங்கே வாசிக்கப்படாது.

அவனிடம் சொல்லாத ஒன்றும் உண்டு. ஒரு வீட்டில் அச்செய்தி முதன்முதலாக முழு வாக்கியமாக உருவாவது பெரும்பாலும் அந்தத் தொலைபேசியில்தான். அதுவரை அழுகை, பாதிச் சொல், தலையசைப்பு. தொலைபேசியில் தலையசைக்க முடியாது. "ஆமாங்க, எங்கப்பா இறந்துட்டாரு" என்று சொல்லியே ஆகவேண்டும். சொல்லிவிட்டுச் சிலர் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். நானும் இருப்பேன். இதற்குப் பெரிய பெயரெல்லாம் வைக்க வேண்டாம். நடைமுறை, அவ்வளவுதான்.

"டைம் வேஸ்ட் இல்லையா மேம்?"

"போனவங்களுக்கு என்னப்பா அவசரம்?"

சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டான்.

மார்ச் 21, செவ்வாய்

எதற்குக் குறித்துக்கொண்டான் என்று இன்று விளங்கியது. என் குரல் வேண்டுமாம். நான் சில நாட்கள் அமர்ந்து சொற்களையும் வாக்கியங்களையும் வாசித்தால், இயந்திரம் அதைக் கற்றுக்கொண்டு எதை எழுதிக் கொடுத்தாலும் என்னைப்போலவே வாசிக்கும். அறிவிப்புகளை மக்கள் இணையத்தில் தாங்களே எழுதிவிடலாம். நடுவில் ஆள் வேண்டாம்.

"உங்க குரல்னா ஊருக்கே நம்பிக்கை மேம். அத நாங்க காப்பாத்தணும்னு நினைக்கிறோம்."

ஊறுகாய் போடுகிறேன் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறான்.

முடியாது என்றேன். அவன் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குரல் இல்லையென்றால் எட்டு மணி நிகழ்ச்சியையே எடுத்துவிட வேண்டியிருக்கும், நிகழ்ச்சி இல்லையென்றால் உள்ளூரில் தொழில்நுட்பாளர் தேவைப்படமாட்டார் என்று, மழை வரும்போலிருக்கிறது என்பவனைப்போல் வருத்தத்துடன் சொன்னான். கம்பியின் மனைவிக்கு வாரந்தோறும் ரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டில்தான். மண்டலத்துக்கு அதுவும் தெரிந்திருந்தது.

கம்பியிடம் இதைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் வேண்டாம் என்பான். அப்புறம் அவனையும் சேர்த்து நான் சமாளிக்க வேண்டும்.

ஏப்ரல் 5, புதன்

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒப்பந்தம் முழுவதையும் படித்தேன். இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியவள், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் வசதிகூட எனக்கு இல்லை. பதிவு செய்த குரல் நிறுவனத்தின் உடைமை. 'மாற்றம் நிறைவுறும் வரை' நான் மேலாளர். எது நிறைவு, யார் அதைச் சொல்வார்கள் என்பது இல்லை.

இன்று முழுவதும் வாசித்தேன். மணிகள், தெருக்கள், காற்றின் திசைகள். மாலையில் "காலமானார்" என்ற சொல்லுக்கு வந்தோம். மண்டலம் தலைமையகத்திலிருந்து ஒலிபெருக்கி வழியாக வழிநடத்தினான். "ஒரு தடவ லேசான சோகத்தோட மேம். அப்புறம் மீடியமா ஒண்ணு. அப்புறம் ஃபுல்லா."

சட்டைக்கு அளவு கேட்கிறான்.

"என்கிட்ட ஒரே அளவுதான்ப்பா இருக்கு. வேணும்னா எடுத்துக்கோ."

கம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டான். சிரித்தானா என்று தெரியவில்லை. மாலை போகும்போது, "இத நீங்க ஏன் மேடம் செய்றீங்க?" என்று கேட்டான்.

"பொழுது போகல" என்றேன்.

ஏப்ரல் 22, சனி

ஒலிப்பதிவு அறைக்குப் புதுக் கதவு. உள்ளே போக அட்டை. வெளியே வரவும் அட்டை. பாதுகாப்பாம். எதைத் திருடுவார்கள், வானிலையையா?

காலையில் உள்ளே போனேன். திரும்பி வரும்போது என் அட்டை சிவப்பு விளக்கைக் காட்டியது. மறுபடியும் சிவப்பு. அரை மணி நேரத்துக்குமுன் அனுமதித்த அதே கதவு. தட்டினேன். ஒலி வெளியே போகக்கூடாது என்றே கட்டிய சுவர்கள். கட்டியபோது மேற்பார்வை பார்த்தவளும் நானே. கைப்பேசி மேசையில், கதவுக்கு அந்தப் பக்கம். ஒலிவாங்கியின் முன் அமர்ந்து விசையைத் தள்ளினேன். விளக்கு எரிந்தது, குரல் எங்கும் போகவில்லை. எட்டு மணி தவிர மற்ற நேரத்தில் இங்கிருந்து எதுவும் வெளியேறாதபடி துண்டித்திருக்கிறார்கள். கூரையின் ஒலிபெருக்கியில் தலைமையகத்து இளைஞர் இருவர் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வானொலி நிலையத்துக்குள், ஒலிவாங்கிக்கு முன்னால், உதவி கேட்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கத்தவில்லை. இல்லை — ஒருதரம் கத்தினேன். சும்மா, எப்படிக் கேட்கும் என்று பார்க்க. அறை அதை விழுங்கிவிட்டது.

கம்பி வந்து கதவின் கீல்களைக் கழற்றித்தான் வெளியே விட்டான். மண்டலத்திடம் கேட்டதற்கு, சிஸ்டத்தில் என் பெயர் ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைவெளியில் மாட்டிக்கொண்டதாம். "சாரி மேம். டெக்னிக்கலா நீங்க அந்த நேரத்துல எங்கயுமே இல்ல."

இதைவிடத் துல்லியமாக நான் சொல்லியிருக்க முடியாது.

ஏப்ரல் 23, ஞாயிறு

தங்கை கேட்கிறாள், "ஏன்கா, இந்த வயசுலயும் அங்கேயே கிடக்குற? விட்டுட்டு வா." அவள் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கையில் விசில் இல்லாததுதான் குறை.

விட முடியாது என்றேன். ஏன் என்று சொல்லவில்லை.

"உன் வாய்க்கு உலகமே பயப்படும். நீ என்னமோ அந்தப் பொடிப்பயலுக்குப் பயந்துகிட்டு."

பயமில்லை. பயமாக இருந்தால் ஓடியிருக்கலாம்.

மே 5, வெள்ளி

கம்பி தயங்கித் தயங்கி வந்து நின்றான். இயந்திரமெல்லாம் அவனுக்குக் கைவந்த கலை, பேச்சுதான் வராது.

"மேடம், ஆஸ்பத்திரில மெஷின் பாத்துக்க ஆள் கேட்டிருந்தாங்க. என் வீட்டுக்காரிக்கு டயாலிசிஸ் பண்ற அதே ஆஸ்பத்திரி. வேலைல சேந்தா அவளுக்கு ட்ரீட்மென்ட் ஃப்ரீ."

"எப்ப கேட்டாங்க?"

"ஜனவரில."

"இப்ப மே மாசம்."

"நான் போயிட்டா நீங்க தனியா இவங்ககிட்ட மாட்டிப்பீங்களேன்னுதான்... அவங்க மறுபடி கூப்பிட்டாங்க. இதுதான் கடைசின்னு சொல்றாங்க. உங்ககிட்ட கேட்டுட்டு..."

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று எழுத நல்ல தமிழ் கிடைக்கவில்லை. அட முட்டாளே. அவனை இல்லை, என்னைத்தான். இரண்டு பேரையும்தான். ஒருவருக்கொருவர் காவல் நின்றிருக்கிறோம். கதவைப் பூட்டியவனுக்குச் செலவே இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் தொலைபேசியில் பேசிச் சரிபார்த்தவள், எதிர் நாற்காலியில் இருந்தவனிடம் சரிபார்க்கவில்லை.

"நாளைக்கே போய்ச் சேரு" என்றேன். "இல்ல, இன்னிக்கே. கிளம்பு."

"நீங்க மேடம்?"

"மாற்றம் நிறைவடைஞ்சிடுச்சு."

மே 31, புதன்

கடைசி நாள். பூங்கொத்து, பிளாஸ்டிக். அட்டையை ஒப்படைத்தேன், வெளியே வர அதுவே வேண்டியிருந்ததால் மறுபடி வாங்கி, கதவைத் திறந்து, மறுபடி ஒப்படைத்தேன்.

ஜூன் 6, செவ்வாய்

எட்டு மணிக்குத் தங்கை வானொலியைப் போட்டாள். நான் சமையலறையில் பல் துலக்கிய வாயுடன் நிற்கிறேன். நானே வரவேற்பறையில் வடக்குத் தெருவில் தண்ணீர் வராது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நன்றாகவே வாசிக்கிறாள். மூச்சு வாங்கவே இல்லை என்பது ஒன்றுதான் குறை.

"அக்கா, நீ அங்க இருந்தாதான் நல்லா பேசுற" என்றாள் தங்கை. அவளுக்கு இது வேடிக்கை.

எனக்கு என்னவோ இன்னும் அந்த அறைக்குள்ளேயே இருப்பதாகப் படுகிறது. கீலைக் கழற்றக் கம்பியும் இல்லை.

ஜூன் 14, புதன்

மருந்துக் கடை வரிசையில் ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நீங்கதானே ரேடியோ அம்மா?"

ஆம் என்றேன்.

"எங்கம்மா தவறிப்போனத நீங்க வாசிச்சீங்க. எங்கப்பா போனப்ப நீங்க போன் பண்ணீங்க, நான்தான் எடுத்தேன். அன்னிக்கு அவ்ளோ நேரம் லைன்ல இருந்தீங்க. அம்மாவுக்கும் பண்ணுவீங்கன்னு போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அதுக்குள்ள ரேடியோல வந்துடுச்சு."

குற்றம் சாட்டும் குரல்கூட இல்லை. சும்மா கேட்கிறாள். நான் இல்லை, அது இயந்திரம் என்று விளக்கினேன். விளக்க விளக்க அது பொய்போலவே ஒலித்தது. "உங்க குரல்தானேம்மா" என்றாள்.

மாத்திரையை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 15, வியாழன்

மண்டலத்தை அழைத்து என் குரலை எடுத்துவிடச் சொன்னேன். இல்லையென்றால் தொலைபேசியில் சரிபார்க்க ஓர் ஆளையாவது போடச் சொன்னேன்.

"ஒப்பந்தப்படி அது கம்பெனியோட குரல் மேம். அதோட, இதுவரைக்கும் ஒரு தப்பு கூட வரலையே?"

"வந்தா?"

"வந்தா பாத்துக்கலாம் மேம்."

சரி.

ஜூன் 19, திங்கள்

இணையத்தில் மரண அறிவிப்புப் பகுதி மிக எளிமையானது. வாழ்த்து அனுப்புவதற்கும் அதே பக்கம்தான். மேலே இருக்கும் படம் மட்டும் மாறுகிறது. எழுதினேன்:

'இந்நிலையத்தின் முன்னாள் மேலாளர், எட்டு மணி அறிவிப்புகளைப் பல ஆண்டுகள் வாசித்து வந்தவர், காலமானார். அவருக்கு ஒரு தங்கை இருக்கிறார். நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருப்பது அவர் அல்ல.'

அனுப்புவதற்கு முன் விரல் நின்றுவிட்டது. வீட்டார் வாயால் சொல்லாமல் எதுவும் போகக்கூடாது. விதியை நான் மீற முடியாது. தெருமுனைக்குப் போய்க் கைப்பேசியிலிருந்து வீட்டை அழைத்தேன். தங்கை எடுத்தாள்.

"வணக்கம். உங்கள் வீட்டிலிருந்து ஒரு மரண அறிவிப்பு வந்திருக்கிறது. உங்கள் அக்கா காலமாகிவிட்டாரா?"

"அக்கா? எங்கிருந்து பேசுற? வெயில் தலைக்கேறிடுச்சா?"

"விஷயத்துக்கு வாங்கம்மா. ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

காலையில் நான் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். முட்டாள் இல்லை.

"ரேடியோல பேசுறாளே, அவளக் கேக்குறீங்களா?"

"அவளைத்தான்."

"அவ போயிட்டா. பால் வாங்கிட்டு வா."

அனுப்பினேன்.

ஜூன் 20, செவ்வாய்

எட்டு மணிக்கு வாசித்தது. 'லேசான சோக'த்தில். என் மரணத்துக்கு மீடியம் கூடக் கொடுக்கவில்லை. அடுத்த மூச்சில் — மூச்சு எங்கே — மாலையில் மிதமான காற்று வீசும் என்றது, அதே குரல்.

எட்டரைக்குள் வாசலில் கூட்டம். மருந்துக் கடைக்காரர் கதவைத் திறந்த என்னைக் கண்டு இரண்டு படி பின்னால் போனார். கம்பி ஆஸ்பத்திரிச் சட்டையோடு ஓடிவந்தான். என்னைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான், நிறுத்தவே இல்லை. அந்த மனிதனுக்கு இவ்வளவு சிரிப்பு இருப்பது எனக்குத் தெரியாது.

பத்து மணிக்கு மண்டலம் அழைத்தான். மிகவும் தாழ்ந்த குரலில்.

"மேம்... நீங்க உயிரோட இருக்கீங்களா?"

"இத வாசிக்கிறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்ப்பா."

நிலையத்துக்குப் போன அழைப்புகளில் தொலைபேசி முடங்கிவிட்டதாம். செத்துப்போனவள் எப்படி வானிலை சொன்னாள் என்று ஊர் கேட்கிறதாம். வழக்குப் போடலாம் என்றான். போடு என்றேன், எந்தக் குரல் எந்தக் குரலைக் கொன்றது என்று நீதிபதியிடம் விளக்கும் வேலையும் அவனுக்கே. ஒருவரும் சரிபார்க்காமல் வாசித்தார்கள் என்பதையும் அங்கேயே சொல்லலாம்.

"அது தேவையில்ல மேம்" என்றான்.

ஜூன் 23, வெள்ளி

எட்டு மணிக்கு வெறும் இசை.

ஜூன் 29, வியாழன்

இன்றும் ஒரு மலர்மாலை வந்தது, வெளியூரிலிருந்து. செய்தி போன வேகத்தில் மறுப்பு போகாது. தங்கை அதைக் கொடியில் காயப்போட்டிருக்கிறாள். இழவு விசாரிக்க வருகிறவர்களுக்குத் தேநீர் போட்டே தன் ஆயுள் முடிந்துவிடும் என்கிறாள்.

ஜூலை 3, திங்கள்

எட்டு மணிக்கு ஓர் இளம்பெண்ணின் குரல். வடக்குத் தெருவைத் தெற்குத் தெரு என்று சொல்லி, 'மன்னிக்கணும்' என்று திருத்தினாள். நடுவில் மூச்சு வாங்குவது கேட்டது.

பதினொரு மணிக்குத் தொலைபேசி. நான் எடுத்தேன்.

"வணக்கங்க. ரேடியோ ஸ்டேஷன்லேருந்து பேசுறேன்." அதே பெண். தாள் சலசலத்தது. "உங்க வீட்டுலேருந்து ஒரு அறிவிப்பு வந்திருக்கு. தங்கைன்னு போட்டு அனுப்பியிருக்காங்க. உங்க வீட்ல ஒருத்தர்... இறக்கலன்னு. உயிரோட இருக்காங்கன்னு. நாளைக்கு வாசிக்கணுமாம். வாசிக்கிறதுக்கு முன்னாடி வீட்ல ஒருத்தர் வாயால கேக்கணும்னு இப்ப ரூல். தப்பா நினைக்காதீங்க."

தங்கை சமையலறையில் பாத்திரங்களை அளவுக்கு மீறிய சத்தத்துடன் கழுவிக்கொண்டிருந்தாள்.

எனக்கு உடனே பேச வரவில்லை. அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை. இணைப்பிலேயே இருந்தாள்.

"ஆமாம்மா" என்றேன். "உயிரோடதான் இருக்காங்க. வாசிக்கலாம்."