சட்டைப் பையில் பேட்டரி

ஷென்சென்

அன்புள்ள யோங்ஷெங்,

நீங்களும் நம் மகள் மான்மானும் சுகம்தானே? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்று எங்கள் மின்சிகரெட் தொழிற்சாலையில், சோதனை மேசையில் என் பக்கத்தில் உட்காரும் சியூலான், "அடியே, என் பாக்கெட்டு சுடுதுடி! ஊர்ல அவரு என்னைய நெனைக்கிறாரு போல" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அடுத்த நொடி அவள் கால்சட்டைப் பையிலிருந்து தீ சீறியது. உதிரி பேட்டரியோடு விடுதிச் சாவியையும் போட்டிருந்தாள். சாவி பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொட்டுவிட்டது. தொடை வெந்துவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை. தினமும் பேட்டரி சோதிப்பவளே அவள்தான்!

நீங்கள் அனுப்பிய படம்தான் கண்ணில் நிற்கிறது. உங்கள் சட்டைப் பையில் மின்சிகரெட்டுக்கு நான் அனுப்பிய பேட்டரி, கூடவே வண்டிச் சாவி. அதன்மேல் கன்னம் வைத்து மான்மான் தூங்குகிறாள்.

"சிகரெட்டோட கம்பிச் சுருளை பாயிண்ட் ஒண்ணு ஓமுக்குக் குறைச்சிட்டேன், புகை மேகமா வருது, பாப்பா கை தட்டுறா" என்றீர்களே. ஓம், அதாவது சுருளின் மின்தடை, குறையக் குறைய மின்சாரம் அதிகமாகப் பாயும். நான் அனுப்பிய பேட்டரி அதைத் தாங்காது. பழைய சுருளையே மாட்டுங்கள். அவள் பக்கத்தில் புகையும் வேண்டாம்.

இத்துடன் பேட்டரி வைக்க பிளாஸ்டிக் டப்பா அனுப்புகிறேன். மான்மானின் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்புங்கள். இங்கே ஷூ வாங்கும்போதெல்லாம் அளவை ஊகித்தே வாங்குகிறேன்.

கூரியர்காரர் அவசரப்படுத்துகிறார். இதைப் படித்ததும் முதலில் சட்டைப் பையைக் காலி செய்யுங்கள், அப்புறம் அவளைத் தூக்குங்கள்.

உங்கள்
ஷுவேமெய்