இலக்கியா 2

4 மார்ச் 2025, செவ்வாய்

இன்று எங்கள் ஆஸ்பத்திரியில் பதினோரு குழந்தைகள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளின் விழித்திரையை நர்ஸ் அறிவுச்செல்வி படம் எடுப்பாள். சேலத்துக் கண் டாக்டருக்கு அனுப்புவது கம்ப்யூட்டரில் நான் எழுதிவைத்த ஸ்கிரிப்ட். ஒவ்வொரு குழந்தையின் ஃபோல்டரையும் தனித்தனி ஜிப் ஃபைலாகக் கட்டி அனுப்பிவிடும். அதற்குள் நான் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

எருமப்பட்டி இலக்கியாவுக்கு இரட்டைப் பெண்கள். ஒவ்வொன்றும் ஒன்றேகால் கிலோ. முகம் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

5 மார்ச், புதன்

ரிப்போர்ட் வந்தது. பதினொன்றும் நார்மல்.

6 மார்ச், வியாழன்

காலையில் சேலத்துக் கண் டாக்டர் கோகிலவாணி போன் செய்தார். "கலைமணி, நேத்துல இருந்து மனசு ஒப்பல. அந்த ரெட்டைப் பிள்ளைங்க படத்தை மறுபடியும் எடுத்துப் பாத்தேன். ரெண்டு பேருக்கும் ரத்தக்குழாய் ஒரு நெளிவுகூட மாறாம இருக்குது."

"ரெட்டைதானுங்களே மேடம்?"

"ரெட்டையா இருந்தாலும் கண்ணுக்குள்ள ஒண்ணுபோல இருக்காதுங்க. என்னன்னு பாருங்க."

பார்த்தேன். அம்மா பெயரிலேயே அறிவுச்செல்வி வைத்த ஃபோல்டர் பெயர்கள்: "இலக்கியா", "இலக்கியா 2". நடுவில் ஓர் இடைவெளி. மேற்கோள்குறிக்குள் போட்டால்தான் கம்ப்யூட்டர் அதை ஒரே பெயராகப் படிக்கும். ஜிப்புக்கு வெளியே ஒட்டும் பெயருக்கு மேற்கோள்குறி போட்ட நான், உள்ளே போகும் ஃபோல்டருக்குப் போடவில்லை. கம்ப்யூட்டர் அந்த இடைவெளியில் பெயரை இரண்டாக வெட்டிவிட்டது. "இலக்கியா" ஒன்று, "2" ஒன்று. "2" என்று எதுவும் இல்லை. ஒரு வரி எச்சரிக்கை எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறது. "இலக்கியா" இருந்தது. அக்காவின் படங்களையே கட்டி, மேலே தங்கச்சி பெயரை ஒட்டி அனுப்பியிருக்கிறது.

அந்த எச்சரிக்கை வரிகளை ஒருநாளாவது படித்தேனா? இல்லை. வேற எந்தப் புள்ளைக்காவது இப்படி ஆகியிருக்குமா? பழசையெல்லாம் திறந்து பார்த்துட்டேன் — இல்லை. இது ஒண்ணுதான்.

சரியான படங்களை அனுப்பி இருபது நிமிடத்தில் பதில். "ரெண்டு கண்ணுலயும் நோய் முத்தியிருக்குது. நாளைக்கே லேசர் வெக்கணும். இன்னும் நாலு நாள் போயிருந்தா விழித்திரை பிரிஞ்சிருக்கும்."

7 மார்ச், வெள்ளி

மேனேஜர் சொன்னார்: "ரிப்போர்ட் லேட்டாயிருச்சுன்னு மட்டும் சொல்லும்மா."

என்னால் முடியவில்லை. ஆம்புலன்ஸ் ஏறும் முன் இலக்கியாவிடம் சொல்லிவிட்டேன்.

"எம்புள்ள படம் போகவே இல்லீங்களா அக்கா?"

"போகலீங்க. தப்பு என்னோடது."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அதுக்குக் கண்ணு தெரியுமுங்களா? அத மட்டும் சொல்லுங்க."

எனக்குத் தெரியாது என்றேன்.

8 மார்ச், சனி

லேசர் முடிந்தது. பொறுத்துத்தான் பார்க்க வேண்டுமாம்.

ஸ்கிரிப்ட் முழுக்கத் திருத்தினேன். ஃபோல்டர் பெயர் வரும் இடமெல்லாம் மேற்கோள்குறி. ஓர் எச்சரிக்கை வந்தாலும் அங்கேயே நின்றுவிடும். உள்ளே போன படங்களும் வெளியே ஒட்டிய பெயரும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்த பிறகுதான் அனுப்பும்.

பிறகு இரண்டு ஃபோல்டர்களையும் திறந்து, படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். செம்மஞ்சள் வட்டம். அதற்குள் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பிப் பிரிந்து, பிரிந்ததிலிருந்து மறுபடி பிரிந்து, மயிரிழையாய் ஓடும் சிவப்புக் கோடுகள். ஒரே வயிற்றில் ஏழு மாதம் ஒட்டிக் கிடந்தவர்கள். ஒரு கோடுகூட மற்றவளுடையதைப் போல இல்லை. இத்தனை சின்ன இடத்தில் எப்படி இவ்வளவு? அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். டீ ஆறிப்போனது. ஐந்து வருடமாக ஆயிரக்கணக்கில் அனுப்பியிருக்கிறேன். ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை.

20 மார்ச், வியாழன்

நோய் அடங்குகிறதாம். டாக்டர் குரலிலேயே தெரிந்தது.

11 ஜூன், புதன்

இலக்கியா இருவரையும் கூட்டிக்கொண்டு என் அறைக்கே வந்தாள். பெரியவள் இனியா, தூங்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் நிலா.

"தூக்குங்க அக்கா, அழமாட்டா."

தூக்கினேன். என் முகத்தையே பார்த்தாள். தலையை மெதுவாக இடப்பக்கம் சாய்த்தேன். அவள் கண்களும் கூடவே வந்தன. வலப்பக்கம் சாய்த்தேன். அங்கேயும் வந்தன.