இஸ்திரிப் பெட்டிக்குத் தெரிந்த வாசனை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. உடம்புக்கு நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நம் வீட்டில் போனை எடுத்தாலே சுவருக்கெல்லாம் காது முளைத்துவிடுகிறது, அதனால் நம் சலவைக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் ஒன்று, இனிமேல் அப்பாவுக்கு இ-சிகரெட்டில் ஊற்றுகிற அந்தத் திராட்சை லிக்விட் பாட்டில்களை அனுப்பாதே. கோபித்துக்கொள்ளாமல் முழுக்கப் படி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து பிடித்த சிகரெட்டை அந்த இ-சிகரெட்டை வைத்துத்தான் அப்பா விட்டார், இருமல் அடங்கியது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை, அதை நான் மறக்கவில்லை. அப்புறம் பள்ளிப் பிள்ளைகள் மிட்டாய் மாதிரி இழுக்கிறார்கள் என்று பழ வாசனை எதையும் விற்கக் கூடாதென்று சட்டம் வந்தது, கடையில் புகையிலை வாசனை மட்டும்தான் என்றானது. தங்கச்சியின் டீச்சர்கூட, "இப்பதாங்க பாத்ரூம் பக்கம் மூச்சு விட முடியுது" என்றார். அப்பாவுக்கோ, "பழைய சாக்ஸை மென்ன மாதிரி இருக்கு" என்று ஒரே புலம்பல். மனசு தாங்காமல் நீ அங்கே எங்கேயோ வாங்கி, சலவைக்கு அனுப்புகிற சட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பாட்டில் அனுப்பினாய், நானும் வாயை மூடிக்கொண்டு வாங்கி வைத்தேன். சட்டம் கடைவாசலில் தடுத்ததை நாம் பார்சலில் வரவழைத்துக்கொண்டோம்.

போன வாரம் தங்கச்சியின் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டேன். ஆவி பட்டால் துணியில் ஒளிந்திருக்கிற வாசனையெல்லாம் எழுந்துவிடும், உன் சட்டையிலேயே எத்தனை கதை படித்திருக்கிறேன். காலரிலிருந்து குப்பென்று திராட்சை. அப்பா சட்டையோடு சேர்த்து ஊறவைத்ததில் ஒட்டியிருக்கும் என்று நினைத்து, அடுத்து அவர் சட்டையில் பெட்டியை வைத்தேன். அதில் திராட்சையே இல்லை, அசல் சிகரெட் நாற்றம். கை அப்படியே நின்றுவிட்டது, சட்டை கருகிப்போனது.

இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேட்டேன். பாட்டில் குறைவதை அப்பா கவனித்திருக்கிறார், எடுப்பது யாரென்றும் தெரிந்திருக்கிறது. என்னிடம் சொன்னால் அவளை உரித்துவிடுவேன் என்று பயந்து மிச்சத்தைச் சிங்கில் கொட்டிவிட்டு, புகையிலை வாசனை பிடிக்காமல் பழைய சிகரெட்டுக்கே போய்விட்டார். அவளோ அதற்கு முன்பே ஒரு பாட்டிலைச் செருப்புப் பெட்டியில் பதுக்கிவிட்டாள். "அது இல்லாட்டி கிளாஸ்ல உட்காரவே முடியலம்மா, கை நடுங்குது" என்று அழுதாள். அடிக்கத் தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டேன். அப்பா பக்கத்தில் தலையைக் குனிந்து இருமிக்கொண்டிருந்தார். யாரை முதலில் பார்ப்பதென்று தெரியாமல் விழித்தேன், பயமாக இருந்ததுடா.

நேற்று உன் புதுப் பார்சல் வந்தது. யாரும் பிரிப்பதற்குள் இங்கே தூக்கிவந்து சோப்புத்தூள் அலமாரியில் பூட்டிவிட்டேன், சாவி என் கழுத்துச் சங்கிலியில். தங்கச்சியைப் பள்ளி நர்ஸிடம் கூட்டிப்போனேன், விடவைக்கலாம், ஆனால் நாளாகும் என்றார். அப்பாவுக்கு ஒரு ஏற்பாடு, சிகரெட் நினைப்பு வந்தால் கடைப் பின்வாசலுக்கு வர வேண்டும், நான் திராட்சை ஊற்றிக் கொடுக்கிற இ-சிகரெட்டை என் கண் முன்னால் இழுத்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். இந்தப் பாட்டில்கள் தீர்வதற்குள் புகையிலை வாசனைக்கோ, எதையுமே இழுக்காமல் இருப்பதற்கோ பழகிக்கொள்ளணும் என்று சொல்லிவிட்டேன். டானிக்குக்கு வந்து நிற்கிற பிள்ளை மாதிரி ஆக்கிட்டியே என்று சிரித்தார். காலையில் வந்தார்.

தங்கச்சிக்குப் போன் போடு, திட்டாதே, அந்த வேலையை நான் பார்த்துவிட்டேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நோய்நொடி இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. மறுபடியும் சொல்கிறேன், பார்சலில் சட்டை மட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், அப்பா பின்வாசலில் வந்து நிற்கிறார். மத்தியானம் ஏன் வரவில்லை என்றதற்கு, "வேலை அதிகம்" என்றார். சட்டை கசங்கியிருக்கு, கழற்றிக் கொடுங்க, ஒரு தேய் தேய்ச்சுத் தர்றேன் என்றேன். பொத்தானில் கை வைத்தவர், ஆவி விடுகிற இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, கழற்றாமல் அப்படியே நிற்கிறார்.