சொல்லிவிட்டு எடு

மார்ச் 4

தம்பிக்கு,

நலமா என்று விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. இன்று உங்கள் கம்பெனியின் தானியங்கி விமானத்தைச் சோதனைக்கு ஓட்டினேன். தரையிறங்கும்போது அது சொல்லாமல் கொள்ளாமல் என்னிடமிருந்து பிடியை எடுத்துக்கொண்டது. கேட்டால், நீ வடிவமைத்த திரையின் மூலையில் பச்சைப் புள்ளி நீலமானதாம், அதுதான் அறிவிப்பாம்! ஓடுபாதையைப் பார்ப்பேனா, உன் புள்ளியைப் பார்ப்பேனா? நான் ஒரு பக்கம் இழுக்க, அது ஒரு பக்கம் இழுக்க, சக்கரம் புல்லில் இறங்கிவிட்டது.

எவ்வளவு திமிர் பிடித்த துணை விமானியும் "நான் எடுத்துக்கறேன்" என்பான். "எடுத்துக்கோ" என்று நான் சொன்ன பிறகுதான் கை வைப்பான். உன் இயந்திரத்துக்கு வாயில்லையா? இதை மாற்றாமல் ஒப்புதல் கையெழுத்துப் போடமாட்டேன்.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதீர்கள். குரல் வைத்தால் தொணதொணக்கிறது என்று மற்ற விமானிகள் முகம் சுளிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் கேட்டுக்கொண்டிருந்தால் அது என்ன தானியங்கி? நல்லதைத்தானே செய்கிறது? புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்குகிறேன். மேலாளர் என் கழுத்தைப் பிடிக்கிறார், கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

தம்பி

பின்குறிப்பு: அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டேன். நல்ல அறை. நீங்கள் சோதனையில் இருந்ததால் தொந்தரவு செய்யவில்லை.

மார்ச் 15

தம்பிக்கு,

அப்பா உனக்குப் பின்குறிப்பா? அவரையும் மூலையில் ஒரு புள்ளியாக வைத்துவிட்டாய். அந்த இயந்திரத்துக்கு உன் புத்தியைத்தான் கொடுத்திருக்கிறாய்.

போய்ப் பார்த்தேன். ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "டாக்டரைப் பாக்கலாம்னு சொல்லித்தான்மா கூட்டிட்டு வந்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, உன்னை அறைய வேண்டும் போலிருந்தது.

என் வீட்டுக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். வருகிறேன் என்றார். உன்னிடமும் முறைப்படி சொல்கிறேன்: நான் எடுத்துக்கறேன்.

பதில் எழுது.

அக்கா

மார்ச் 22

தம்பிக்கு,

பதில் இல்லை. எங்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. இரண்டு முறை கூப்பிட்டும் பக்கத்து இருக்கையிலிருந்து சத்தம் வராவிட்டால், ஆளுக்கு நினைவில்லை என்று முடிவுகட்டி விமானத்தை வாங்கிக்கொள்வோம். இது இரண்டாவது முறை.

நான் எடுத்துக்கறேன்.

உன் திரைக்குக் கையெழுத்து இல்லை என்று மேலாளருக்கும் எழுதப்போகிறேன். அதையும் சொல்லிவிட்டுத்தான் செய்கிறேன்.

அக்கா

மார்ச் 29

தம்பிக்கு,

எடுத்துக்கிட்டேன்.

அப்பா ஷூவைக் கழற்றிவிட்டார்.

அக்கா